கச்சான் தாண்டி வரும் மலை: ஹப்புத்தளைப் பயணம்

ஆகஸ்ட் 16, 2024, வெள்ளி: கல்லடி, பதுளை, ஹப்புத்தளை

மட்டக்களப்பில் ஆடி மாதம் என்றால் கச்சான். காலை பத்து மணிக்குள் தொடங்கிவிடும் அந்த வரண்ட சூட்டுக் காற்று. கண்ணுக்குள் மண், உதட்டில் வெடிப்பு, கிணற்றில் தண்ணீர் அடியில், மின்விசிறி போட்டால் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். கல்லடியில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம், இருந்தும் பின்னேரம்வரை கடற்காற்றை உள்ளே வரவிடாது இந்தக் கச்சான். திங்கட்கிழமை நிக்கினிப் போயா, பௌர்ணமி விடுமுறை, வெள்ளிக்கு மட்டும் லீவு எடுத்தால் போதும் என்று இவர் கணக்குப் பார்த்தார். "குளிர் உள்ள இடமாப் பாருங்க, மற்றதெல்லாம் உங்கட விருப்பம்" என்று மாமி சொல்லிவிட்டார். நுவரெலியாவில் அறை விலை கேட்டுப் பயந்து, ஹப்புத்தளை என்று முடிவானது.

செங்கலடி, மகாஓயா, பிபிலை வரைக்கும் பஸ் சுகமாகப் போனது. வானொலியில் முழுக்கத் தேர்தல் கதை, முதல் நாள்தான் ஜனாதிபதித் தேர்தலுக்கு வேட்புமனு எடுத்திருந்தார்கள். லுணுகலைப் பக்கம் ஏற்றம் தொடங்கியதும் மகளின் முகம் வெளுத்தது. பசறைக்கு முன்னாலேயே இரண்டு தரம் சத்தி. முன் சீட்டில் இருந்த ஒரு சிங்கள அம்மா, ஒன்றும் பேசாமல் எழும்பி வந்து, தன் பையிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பிள்ளையின் மூக்கருகே பிடித்தார். அப்புறம் தன் யன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பதுளைவரை அவளின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். இறங்கும்போது அந்தத் தேசிக்காயை மகளின் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனார். அவரின் மடியிலும் கொஞ்சம் பட்டிருந்தது, அதைப் பற்றி ஒரு முகச்சுளிப்புக் கூட இல்லை.

பதுளையில் மத்தியானச் சோறு, போஞ்சி, லீக்ஸ், பருப்பு, அப்பளம், 350 ரூபா. எங்கள் பக்கம் கிடைக்கும் லீக்ஸில் சுண்டல் செய்தால் இந்த ருசி வராது, வெட்டி அதிக நேரம் ஆகவில்லை என்று வாயில் வைத்ததும் தெரிந்தது. பிறகு ரயில் பிந்தியது. பாதையில் எங்கோ காற்றுக்கு மரம் விழுந்துவிட்டதாம், வெட்டிக்கொண்டிருக்கிறார்களாம். மேடையில் வடை விற்ற ஐயாதான் இதை எல்லோருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமிக்குக் கால் வலிப்பதைக் கண்டு, வடைப் பெட்டி வைத்திருந்த வாங்கைத் துடைத்துக் கொடுத்தார்.

ரயில் புறப்பட்ட பிறகு களைப்பு மறந்துபோனது. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல், இந்த வருடத்தோடு நூறு. தெமோதரையில் வண்டி முதலில் ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையை ஒரு வட்டம் சுற்றி ஏறி, மேலே அதே ஸ்டேஷனில் வந்து நிற்கிறது. மகள் நம்பவில்லை, கீழே எட்டிப் பார்த்து நாங்கள் வந்த தண்டவாளத்தைக் கண்ட பிறகுதான் கத்தினாள். எல்லவுக்கு முந்தி வரும் ஒன்பது வளைவுப் பாலத்தின் இரு கரையிலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், எங்கள் பெட்டியில் இருந்த கொழுந்து எடுக்கிற பெண்கள் அவர்களுக்குக் கை காட்டினார்கள்.

ஹப்புத்தளையில் இறங்கும்போது இருட்டிவிட்டது. குளிர் இருக்கும் என்று எதிர்பார்த்தோம், காற்றை எதிர்பார்க்கவில்லை. ஒரு பக்கமிருந்து வந்து மறுபக்கம் போகிற காற்று, நிற்கவே விடாது. மாமி முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, "என்னகா இது, கச்சான் மாதிரியே அடிக்குது, ஆனா குளிருது" என்றார். அந்த வார்த்தை அடுத்த நாள்வரை என்னுடன் வந்தது.

தங்கிய இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவுக்கு 6000 ரூபா, சுடுதண்ணீர் உண்டு என்று ஃபோனில் சொன்னார்கள், வந்து குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். கேட்டதற்கு நாளைக்குச் சரிவரும் என்றார்கள். நாளைக்கும் வரவில்லை. வயதானவரும் பிள்ளையும் வருகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லியும் இப்படிச் செய்தது எனக்குக் கோபம்தான். ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்த சின்னக் கடையில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்றோம், ரொட்டி ஒன்று 80 ரூபா, கல்லிலிருந்து நேரே தட்டுக்கு. கடைக்கார அக்கா விஷயத்தைக் கேட்டுவிட்டு எங்கள் சுடுதண்ணீர்ப் போத்தல் இரண்டையும் வாங்கி நிரப்பித் தந்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு ஊரில் இருந்தவரைக்கும் காலையும் இரவும் அந்தக் கடைதான்.

ஆகஸ்ட் 17, சனி: தம்பேதென்ன

விடிய ஐந்து மணிக்கு லிப்டன் சீட் என்ற மலைமுகட்டுக்கு ஓட்டோ. போய்க் காத்திருந்து திரும்பக் கொண்டுவந்து விட 4000 ரூபா. ஓட்டோத் தம்பிக்கு முப்பது வயதிருக்கும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "பாட்டி நடுவுல உக்காருங்க, காத்து ரெண்டு பக்கமும் அடிக்கும்" என்று தன் ஜாக்கெட்டையும் கழற்றிக் கொடுத்தார். ஒன்பது மணிக்குப் பிந்தினால் மேலே பனி மூடிவிடும், ஒன்றும் தெரியாது என்றார்.

லிப்டன் சீட் ஆறாயிரம் அடிக்கு மேலே. கிளாஸ்கோவில் மளிகைக் கடை வைத்துப் பணக்காரரான தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து இந்தப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார், இங்கே உட்கார்ந்துதான் பார்த்துக்கொண்டிருப்பாராம். அவருக்கு ஒரு சிலை, வாங்கில் இருக்கிற மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்க வரிசை. நாங்கள் அந்தப் பக்கம் அதிக நேரம் நிற்கவில்லை, விளிம்புக்குப் போனோம்.

கீழே மலை அடுக்கடுக்காக இறங்கி, கடைசியில் சமவெளி. உடவளவைக் குளம் வெள்ளித் தகடாக மின்னியது. அதற்கும் அப்பால், வெகு தூரத்தில், வானத்தின் அடியில் ஒரு சாம்பல் கோடு. தம்பி அதுதான் அம்பாந்தோட்டைக் கடல் என்றார். இவர் மேகம் என்றார். மாமி கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கடல்தான், எனக்குத் தெரியாதா" என்றார். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தே வாழ்கிறவர் சொன்ன பிறகு யாரும் மறுக்கவில்லை. மேலே ஒரு சின்னத் தேநீர்க் கடை உண்டு, அங்கே குடித்த இஞ்சி பிளேன்டிக்கு 100 ரூபா கொடுத்தது எனக்குக் கூடவே தெரியவில்லை, தண்ணீர் முதல் மா வரை எல்லாம் மலை ஏறி வரவேண்டிய இடம்.

இறங்கும் வழியில் 1890இல் லிப்டன் கட்டிய தம்பேதென்னத் தொழிற்சாலை. உள்ளே போனதும் வரும் அந்த வாசம், பச்சை இலை வாடுகிற வாசம், தேயிலைப் பக்கெட்டில் ஒருநாளும் வராது. நீண்ட தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து காற்று விடுகிறார்கள், வாடியதை உருட்டி நசுக்கி, பரப்பி நிறம் மாற விட்டு, சூட்டில் காயவைத்து, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். எங்களுக்குச் சுற்றிக் காட்டிய ஐயா தமிழில் பொறுமையாகச் சொன்னார். ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் பெயர் வந்தது இந்த ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும் உள்ள பருவத்தால். தென்மேற்குப் பருவக்காற்று மழையை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, இந்த முகட்டைத் தாண்டி வருகிறது. அந்த வரண்ட காற்று பட்டுக் கொழுந்து சிறுத்து, சாறு இறுகி, புதினாவைப் போல ஒரு காரமான மணம் ஏறுகிறது. ஏலத்தில் நல்ல விலை இதற்குத்தான்.

"அப்ப இந்தக் காத்து இங்கருந்து எங்க போகுது?" என்று மாமி கேட்டார்.

"கீழ இறங்கி, பிபிலை, மகாஓயா, உங்க பக்கந்தான் போகும்மா. இறங்க இறங்கச் சூடேறும்."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். முந்தின இரவு அவர் சொன்னது சரிதான். எங்கள் ஊரைக் காயவைக்கிற கச்சான் இங்கே குளிராக நின்று தேயிலைக்கு மணம் ஏற்றிவிட்டுத்தான் கீழே வருகிறது. இத்தனை வருடம் அந்தக் காற்றைத் திட்டிக்கொண்டே, அது எந்த மலையைத் தாண்டி, யாருடைய தலைக்கு மேலால் வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

யாருடைய தலைக்கு மேலால் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. பாதையோரம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் மகள் போய் நின்றாள். ஒரு அக்கா, ஐம்பது வயதிருக்கும், இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று அவளுக்குக் காட்டினார். நான் அந்த ஏலவிலைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, கையை நிறுத்தாமலே சொன்னார்: "வெல கூடுற காலத்துலதாம்மா செடியில கொழுந்து இருக்காது. வெயில்லயும் காத்துலயும் காஞ்சு கெடக்கு பாருங்க. 18 கிலோ எடுத்தாத்தான் முழுப்பேரு. கொறஞ்சா அரைப்பேரு."

முழுப்பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம், விழுந்தால் அப்போது ஆயிரம் ரூபா, 2021இலிருந்து நாங்கள் போன 2024 ஆகஸ்ட் வரைக்கும் அதே ஆயிரம். இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்து அரிசி, மா, மண்ணெண்ணெய் என்று எல்லாவற்றையும் எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. 2024 மே தினத்தில் 1700 என்று அறிவித்தார்கள், கம்பனிகள் நீதிமன்றம் போக அது நின்றுவிட்டது. உலகத்தில் மிகச் சிறந்த தேயிலைகளில் ஒன்றை எடுக்கிற கைக்கு, அது எடுக்கிற அந்தப் பருவத்திலேயே சம்பளம் குறைகிறது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

வேலை முடிந்து மேல்கணக்குக்கு, தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, போகிற வழியில் அந்த அக்கா எங்களைத் தன் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, கூட்டிப்போனார். ஸ்தோப்பில் அடுப்பு, உள்ளே ஒரு காம்பரா, சுவரில் பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்கள் வரிசையாக. மூத்த மகள் கொழும்பில் துணிக்கடையில், இளையவன் உயர்தரம் படிக்கிறான். தேத்தண்ணி ஊற்றினார், தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கிற தூள். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிக்கச் சொன்னார், மாமிக்கு அது பழக்கம்தான், எங்கள் பக்கம் பழைய ஆட்கள் அப்படித்தான் குடிப்பார்கள். வீட்டில் இருந்த எல்லாக் குவளையும் எங்களுக்கு வந்துவிட்டதால் அவர் குடிக்கவில்லை என்பதை மாமிதான் கண்டார். தன் குவளையைப் பாதியில் நிறுத்தி, கழுவி, அவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் எழும்பினார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு: தியலும, கொஸ்லாந்தை, அதிசம்

காலையில் ஊருக்கு நடுவால் போகிற தண்டவாள ஓரத்தில் மரக்கறி வாங்கினோம். இங்கே ரயில் பாதைதான் நடைபாதையும், ரயில் கூவினால் விலகி நின்று, போனதும் திரும்ப வியாபாரம். கரட் மண்ணோடு, தழையோடு. ஒரு கிலோ கேட்டால் கையில் வருகிற இன்னும் இரண்டைப் போடுகிறார்கள்.

அதே தம்பியின் ஓட்டோவில் பெரகல இறக்கம் இறங்கிக் கொஸ்லாந்தைப் பாதையில் தியலும நீர்வீழ்ச்சிக்குப் போனோம். 220 மீற்றர் உயரம், ஆனால் இது ஆவணி, பாறையில் வெள்ளை நூலாகத்தான் தண்ணீர். பாதிக்கு வருமுன்னே காற்றில் கலைந்துவிடுகிறது. பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் மழைக்குப் பிறகு வாருங்கள் என்று சோளம் விற்ற பையன் சொன்னான். அவித்த சோளம் 150 ரூபா, உப்புத் தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தான்.

திரும்பும்போது கொஸ்லாந்தையில் தம்பி ஓட்டோவை ஓரம் கட்டினார். மலைச்சரிவைக் காட்டி, "அந்தப் பக்கந்தான் மீரியபெத்தை" என்றார். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். 2014 ஒக்டோபர் 29, காலை நேரம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போன கொஞ்சத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. வீட்டில் இருந்தவர்கள் போனார்கள், பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் தாய் தகப்பன் இல்லாமல் மிஞ்சினார்கள். பலரின் உடலைத் தோண்டி எடுக்கவே முடியவில்லை. அவருக்கு அங்கே ஒரு சின்னம்மா. "அங்க இருக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. போங்கன்னு சொன்னாங்க, எங்க போறதுன்னு யாரும் சொல்லல."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் மாமி தன் தங்கச்சியைப் பற்றிச் சொன்னார். 2004 டிசம்பர் 26, சுனாமி, நாவலடி. வீட்டில் நாங்கள் அதிகம் பேசாத விஷயம், மகளுக்கு முன்னால் மாமி இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவரையும் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தினார்.

"அப்புறமும் எப்படிப் பாட்டி கடலுக்குப் பக்கத்துலயே இருக்கீங்க?"

"நீங்க மலைக்குக் கீழ இருக்கிற மாதிரித்தான் மனே. வேற எங்க போறது."

தம்பி தலையாட்டினார். மாமி காட்டிய காசை அன்று அவர் முழுதாக வாங்கவில்லை, பேசிய கூலியில் ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். மாமி விடவில்லை, கடைசியில் அது மகளின் கையில் வந்து நின்றது.

பின்னேரம் அதிசம் மாளிகை. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் கட்டிய கல்வீடு, இங்கிலாந்தில் தான் பிறந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார். இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். பக்கத்திலேயே தங்கமலைக் காடு, காற்றில் மரமெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தே வளர்ந்திருக்கிறது. வீட்டுக்குள் பார்க்க விடுவது கொஞ்சம்தான், சத்தமில்லாமல் நடக்க வேண்டும். துறவிகள் செய்து விற்கும் கொய்யா ஜெலியும் ஸ்ட்ராபெரி ஜாமும் வாங்கினோம், கொய்யா ஜெலி கட்டாயம் வாங்க வேண்டியது. ஐந்து மணிக்கு மூடுபனி ஏறி, கேற்றுக்குப் போகிற பாதையே மறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 19, திங்கள்: எல்ல, பிறகு வீடு

காலை ரயிலில் எல்ல வரை. அங்கே இரண்டு மணித்தியாலம் போதும் என்று நினைத்தோம், அதுவே அதிகம். கோழிக் கொத்து 1600 ரூபா, ஹப்புத்தளையில் 700. விலை கேட்டதும் பணியாள் எங்களை மேலும் கீழும் பார்த்தான், பக்கத்து மேசை வெள்ளைக்காரருக்குச் சிரித்தவன் எங்களுக்குத் தண்ணீர் வைக்கவில்லை. எழும்பி வந்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மரக்கறி ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம். எல்லவின் மலை அழகு, அதில் குறையில்லை. ஆனால் அங்கே எங்களிடம் யாரும் எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்கவில்லை, ஹப்புத்தளையில் கேட்காதவர் இல்லை.

பதுளையில் போயா நாள் கூட்டம், பஸ்ஸில் சீட் இல்லை. பிபிலைவரை நின்றுகொண்டே வந்தோம், மாமிக்கு மட்டும் ஒரு இளைஞன் எழும்பி இடம் கொடுத்தான். மகளுக்கு இந்தத் தடவை சத்தி வரவில்லை, தேசிக்காய் கையில் இருந்தது. மகாஓயாவில் பஸ் நின்றபோது யன்னலால் ஒரு சூட்டுக் காற்று வந்து முகத்தில் அடித்தது. யாரும் அதைத் திட்டவில்லை.

வீட்டுக்கு வந்து சேர இரவு பத்தரை. கால் கழுவி உட்கார்ந்ததும் மாமி சொன்ன முதல் கதை ஓட்டோத் தம்பியைப் பற்றி. அவரின் இரண்டு பிள்ளைகளும் இன்னும் கடலில் கால் வைக்கவில்லையாம், தூரத்தில் கோடாகப் பார்த்ததோடு சரி. தியலுமவில் சோளம் தின்றபோதே மாமி அவரின் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார். மார்கழியில் வேண்டாம், மழை, வெள்ளம். சித்திரை லீவுக்கு வரச் சொல்லு, கொழுந்து எடுக்கிற அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு வரட்டும், முன் அறையை அவர்களுக்குக் கொடுப்போம், நாங்கள் விறாந்தையில் படுக்கலாம் என்றார். இவர் வாவி மீன் வாங்கலாமா, கடல் மீனா என்று கேட்டார். மாமி இறால், கணவாய், பாரை என்று எண்ணத் தொடங்கிவிட்டார், பிள்ளைகளுக்கு முள் இல்லாத மீனாகப் பார்க்க வேண்டுமாம்.